நீரின் கடினத்தன்மை அளவிடல்

நீரின் கடினத்தன்மை அளவிடல் என்பது, நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளின் மொத்த அளவைத் தரம்பார்த்தல் முறையில் கண்டறியும் வேதியியல் ஆய்வகச் சோதனை ஆகும். சோப்புடன் எளிதில் நுரைக்காத நீர் கடினநீர் எனப்படும். அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளில் இது முதலாண்டு மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான சோதனை. அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற சென்னைப் பகுதிகளில் பல குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணற்று நீரையும் பயன்படுத்துவதால், மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஒரு குப்பி நீரே இதற்குத் தகுந்த மாதிரியாகும்.

செய்முறை

சுவிட்சர்லாந்து வேதியியலாளர் கெரோல்ட் சுவார்சென்பாக் 1940-களில் வளர்த்தெடுத்த முறை இன்றும் பயன்படுகிறது. 50 மி.லி. நீருடன் அம்மோனியா தாங்கல் கரைசல் சேர்த்து பி.எச் மதிப்பு 10 ஆக்கப்படுகிறது. எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டி, கடின அயனிகளுடன் இணைந்து ஒயின் சிவப்பு நிறம் தரும். பியூரெட்டிலிருந்து ஈடிடிஏ கரைசலைச் சேர்க்கச் சேர்க்க, அது அந்த அயனிகளை நிறங்காட்டியிடமிருந்து பறித்துக்கொள்கிறது. சிவப்புச் சாயல் முழுதும் நீங்கி நீலமாகும் துளியே முடிவுநிலை. வினை மெதுவாக நடப்பதால் இறுதித் துளிகளில் அவசரம் கூடாது.

கூம்புக் குடுவையை வாலை வடிநீரால் மட்டுமே கழுவ வேண்டும். குழாய்நீரால் கழுவினால், குழாயின் கடினத்தன்மையும் கணக்கில் சேர்ந்துவிடும். இந்தப் பிழை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நேர்ந்தால் அளவீடுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். ஆயினும் விடை தவறாகவே இருக்கும். வெறும் வாலை வடிநீரைக் கொண்டு ஒருமுறை சோதித்தால் இது வெளிப்படும்.

முடிவுகளைப் பொருள்கொள்ளல்

0.01 மோலார் ஈடிடிஏ 1 மி.லி., 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடானது. எடுத்துக்காட்டாக, 50 மி.லி. நீருக்கு 18.0 மி.லி. செலவானால் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 360 மி.கி. ஆகும். அதே நீரைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, வாலை வடிநீரால் பழைய பருமனுக்குக் கொண்டுவந்து மீண்டும் சோதிக்கையில் 7.5 மி.லி. செலவானால், 150 மி.கி. நிரந்தரக் கடினத்தன்மை, எஞ்சிய 210 மி.கி. தற்காலிகமானது. வெந்நீர்க் கொதிகலனில் வெண்படிவாகப் படிவது பெரும்பாலும் இந்தத் தற்காலிகப் பகுதியே.

இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 (2012) ஏற்கத்தக்க அளவாக 200 மி.கி.-யையும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மி.கி.-யையும் குறிப்பிடுகிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 360-ஐத் தீர்ப்பிடுவது வீண் அச்சத்தையோ வீண் நிம்மதியையோ தரும்.

இந்த எண் சொல்லாதவையும் உண்டு. கடல்நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு ஏறத்தாழ 6,300 மி.கி.; குளோரைடு ஏறத்தாழ 19,000 மி.கி. ஆகவே கிணற்றில் 20-இல் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே கடினத்தன்மை 300 மி.கி.-க்கு மேல் உயரும். பாறை, மண்ணிலிருந்து கரைந்த உப்புகளாலும் அதே அளவு வரலாம். கொதிக்க வைத்தபின் அளவு பெரிதும் குறைந்தால் பைகார்பனேட்டுகளே முதன்மைக் காரணம். அவ்வளவாகக் குறையாவிடில், கடற்கரையோரக் கிணறாயின், வெள்ளி நைட்ரேட்டு கொண்டு குளோரைடையும் அளக்க வேண்டும். அந்த 20-இல் ஒரு பங்கு கலப்பு குளோரைடை 900 மி.கி.-க்கு மேல் உயர்த்திவிடும். ஏற்கத்தக்க அளவோ 250 மி.கி. மட்டுமே.

நீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்போர் காட்டும் டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையை அளப்பதில்லை. அது மின்கடத்துதிறனிலிருந்து மொத்தக் கரைபொருளை மதிப்பிடுகிறது. சோடியம் அயனிப் பரிமாற்றத்தால் மென்மையாக்கப்பட்ட நீரில் ஈடிடிஏ ஏறக்குறைய செலவாகாது. மீட்டரோ முன்புபோலவே காட்டும், ஏனெனில் கால்சியத்தின் இடத்தில் சோடியம் அமர்ந்துள்ளது.

ஒரே கிணற்றின் நீரும் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும். எனவே கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் மாதிரி எடுத்து, எடுத்த நாளையும் முடிவுடன் சேர்த்துக் குறிப்பது நல்லது.