குனிந்து எடுத்த போல்ட்

மெக்கானிக்கல் படிக்கும் என் மகள், கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலைக்கு ஒரு மாத இன்டர்ன்ஷிப் போய் வந்தாள். வேலையில் உள்ள வீண்களைக் கண்டுபிடித்துக் குறைக்கும் 'லீன்' முறைதான் பயிற்சி. ஜப்பானில் டொயோட்டா கம்பெனியின் டாய்ச்சி ஓனோ வகுத்த வழியிலிருந்து வந்தது. காத்திருப்பது, தேவைக்கு மேல் செய்வது, வீணாக நடப்பது என்று ஏழு வகை வீண்களை எண்ணிச் சொன்னவர் அவர்.

ஸ்டாப் வாட்சோடு போய் நின்றதும், அசெம்பிளி பிரிவுப் பெண்களின் முகம் சுருங்கிவிட்டதாம். "ஏங்கண்ணு, ஆளைக் குறைக்கத்தான் வந்திருக்கறயா?" என்று மூத்த பெண்மணி ஒருவர் கேட்டேவிட்டார். நியாயமான பயம்தானே? அதே டொயோட்டாவில் 1950ல் ஆட்குறைப்பால் பெரிய போராட்டம் வெடித்து, நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலக நேர்ந்தது.

இவள் வாட்சைப் பையில் போட்டுவிட்டு, "உங்களுக்கு எதுங்கக்கா கஷ்டமா இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு பம்புக்கும் தரையில் இருக்கும் டிரேயிலிருந்து போல்ட்டைக் குனிந்து எடுக்கணும், சாயந்திரம் இடுப்பு விட்டுப் போகுது என்றாராம். பழைய இரும்புத் துண்டுகளை வெல்டிங் செய்து, கைக்கெட்டும் உயரத்தில் ஸ்டாண்டு வைத்தார்கள். அவ்வளவுதான் செலவு. (அஞ்சறைப் பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க நமக்கு எந்த ஜப்பான்காரர் சொல்லித் தந்தார்!)

"மிச்சமாகிற நேரத்துல இன்னும் ரெண்டு பம்ப் பூட்டச் சொல்வாங்களா?" என்று அந்த அக்கா கேட்டதற்குத்தான் இவளிடம் பதில் இல்லை. மேனேஜரிடம் கொடுத்த ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

— ஒரு வாசகி, திருப்பூர்.