மருந்தோடு எடையையும் கவனிப்போம்

காசநோய் என்றதும் நம்மவர்கள் இருமலையும் காய்ச்சலையும் பற்றித்தான் விசாரிக்கிறோம். "எடை எவ்வளவு?" என்று கேட்பவர் குறைவு. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாரமும் தாங்கும் திறனும் கணக்கிட்டே காலம் கழித்த எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் தோன்றுகிறது. தாராவி போன்ற நெருக்கமான இடங்களில் நம் மக்கள் ஏராளமாக வாழ்வதால் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

நோயோடு போராடும் உடல் தன் தசையையே எரித்துச் செலவழிக்கிறது. பசியும் எடுப்பதில்லை. தசை கரைந்தால் சளியை இருமி வெளியேற்றவும் வலு இராது. மருந்து கிருமியைக் கொல்லும். இழந்த தசையை உணவுதான் திருப்பித் தரவேண்டும்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதை உணர்ந்து வகுக்கப்பட்டது. நோய் தெரிந்தவுடனே எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, பிடிமானம் இன்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தில் உள்ளவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இருமுறை வகுத்தால் வருவது உடல் நிறை எண். அது 18.5-க்குக் கீழ் இருந்தால் மெலிவு. 14 அல்லது அதற்கும் கீழ் என்றால் உயிருக்கே ஆபத்து. 165 செ.மீ. உயரமுள்ளவர் 50 கிலோவாவது இருக்கவேண்டும். 38 கிலோ என்றால் தாமதிக்கலாகாது.

ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடையே மரணம் ஏறத்தாழ 60 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பல நாள் சரியாக உண்ணாத உடம்புக்கு ஒரேயடியாக நிறைய உணவு கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய உப்புகள் திடீரெனக் குறைந்து இதயமே தடுமாறக்கூடும். ஆகவே மிகவும் மெலிந்தவருக்கு டாக்டர் சொல்லும் அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்டவேண்டும்.

சிவ்ரி காசநோய் ஆஸ்பத்திரிக்கோ சயான் ஆஸ்பத்திரிக்கோ போகும்போது பிஸ்கட்டும் ஆப்பிளும் வாங்கிப் போகிறோம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவித்த முட்டை, பால், கெட்டிப் பருப்பு, சுண்டல் கொண்டுபோனால் தசைக்கு உதவும். சர்க்கரை நோயும் உள்ளவருக்கு உணவு நிபுணரின் யோசனை அவசியம்.

காசநோயாளியின் உணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். சிகிச்சை பெறும் மையத்தில் வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தால் கிடைக்கும். வாரம் ஒருமுறை எடை பார்த்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எடை குறைந்தால் அடுத்த முறைக்குக் காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.