சீனி ஏறுவதற்கு முன்பே

காலையில் சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுக்கிறோம். ரிப்போட்டில் 95 என்று வந்ததும், "சீனி வருத்தம் இல்லை" என்று சீனி போட்ட தேநீரோடு நிம்மதி அடைகிறோம். கண்டியிலே இந்த நிம்மதிதான் பலரை ஏமாற்றுகிறது.

சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸைத் தசைகளுக்குள் அனுப்புவது கணையம் சுரக்கும் இன்சுலின். ஈரலிலும் தசையிலும் கொழுப்பு படியப் படிய, இன்சுலின் சொல் அங்கே எடுபடாமல் போகிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. கணையம் உடனே தளர்ந்துவிடாது. கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். அதனால் ரிப்போட்டில் 95 அப்படியே நிற்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி உழைத்த, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் ஓயும்போது, முதலில் சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி ஏறும். இரவில் ஈரல் வெளிவிடும் குளுக்கோஸையும் அடக்க முடியாமல் போனால் காலைச் சீனியும் ஏறும். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 வந்தால் நீரிழிவு. அதற்குள் பீட்டா செல்களின் திறனில் பாதியளவு போயிருக்கலாம் என்று பிரித்தானியாவின் பெரிய நீரிழிவு ஆய்வு கணித்தது.

இலங்கையில் 2005–06இல் நடந்த ஆய்வில், 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நகரங்களில் 16.4, கிராமங்களில் 8.7. நோயுள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தமக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கண்டி மலைகளில் ஒரே குடும்பத்துக்குள் பார்க்கலாம். தாய் கோதுமை மா ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறினார். உழைக்கும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மகன் கட்டுகஸ்தோட்டைக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு ஓட்டோவில் போகிறார். ரொட்டியும் சீனித் தேநீரும் மட்டும் மாறவில்லை.

"நான் ஒல்லிதானே" என்று இருந்துவிடவும் முடியாது. தெற்காசியர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். ஆணுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரை, பெண்ணுக்கு 80ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். பிடரியில் வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுத்த தோலை அழுக்கென்று தேய்க்காதீர்கள். இன்சுலின் கூடிப்போனதன் அடையாளமாக அது இருக்கலாம்.

நீரிழிவாக மாறுவதற்கு முந்திய இந்தக் கட்டத்தில் நோயை மறிக்க முடியும். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வது என்ற இலக்குகளோடு வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. கண்டியில் வாவியைச் சுற்றிப் பாதை இருக்கிறது. ஏறி இறங்க மலையும் இருக்கிறது. பெற்றோருக்குச் சீனி இருந்தாலோ, கர்ப்ப காலத்தில் உங்களுக்கே வந்திருந்தாலோ, 126 வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே இடுப்பை அளந்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.