எண்ணும்மையும் கணிப்பொறிப் பட்டியலும்

கணிப்பொறி நிரல்களில் பல பெயர்களை வரிசையாகச் சேமிக்கும் அமைப்பு அணி எனப்படும். அணியின் உறுப்புகளை மனிதர் படிக்கத்தக்க தொடராக்குவது எளிய பணியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ‘ஜாயின்’ என்னும் செயற்கூறு, வேறு கட்டளை இல்லாதவிடத்து, உறுப்புகளுக்கிடையே காற்புள்ளியை மட்டும் இட்டு ‘மா,பலா,வாழை’ எனத் தருகிறது. இது பட்டியலேயன்றித் தொடராகாது.

இக்குறையை நீக்கும்பொருட்டு, யூனிகோடு கூட்டமைப்பின் சி.எல்.டி.ஆர். தரவுக் களஞ்சியம் ஒவ்வொரு மொழிக்கும் பட்டியல் வாய்பாடுகளை வகுத்துள்ளது. 2021ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் பன்னாட்டாக்கத் தரநிலையில் இடம்பெற்ற ‘லிஸ்ட்ஃபார்மட்’ இவ்வாய்பாடுகளைப் பயன்படுத்துவது. தமிழுக்கு அது தருவது ‘மா, பலா மற்றும் வாழை’. இறுதி உறுப்பின்முன் ஓர் இணைப்புச்சொல்லை இடும் ஆங்கில அமைப்பே இது. ‘மற்று’ என்பதனைத் தொல்காப்பியம் வினைமாற்றாகவும் அசைநிலையாகவும் மட்டுமே கூறுகிறது. எண்ணுப்பொருளுக்கு உரியது ‘உம்’.

உம் இடைச்சொல் ஒவ்வோர் உறுப்பின் ஈற்றிலும் வருவது. இங்குதான் நிரலாளர் இடர்ப்படுகின்றனர். வாய்பாடு உறுப்புகளுக்கு இடையில் எதையும் இடவல்லது. உறுப்பின் வடிவை மாற்ற இயலாதது. ‘மரம்’ என்பதில் புள்ளியை நீக்கி உகரக்குறியை இட்டாலன்றி ‘மரமும்’ கிட்டாது. ‘கடல்’ கடலும் ஆக, ‘கல்’ கல்லும் என இரட்டிக்கிறது. ‘ஆடு’, ‘பசு’ இரண்டும் உகர ஈற்றன. எனினும் குற்றியலுகரம் கெட்டு ஆடும் என்றும், முற்றியலுகரம் உடம்படுமெய் பெற்றுப் பசுவும் என்றும் புணர்கின்றன. ஸ்பானிய மொழியில் இணைப்புச்சொல் அடுத்த சொல்லின் முதலொலிக்கேற்ப மாறும், அதற்கு ஐ.சி.யு. நிரற்றொகுதியில் தனிவிதி எழுதப்பட்டுள்ளது. தமிழின் தேவை அதனினும் பெரிது. பெயர் ரோமன் எழுத்திலோ இலக்கத்திலோ இருப்பின் புணர்ச்சி விதிகளும் உதவா.

புணர்ச்சி கைவரினும் பொருட்சிக்கல் எஞ்சும். உம்மைக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் கூறுகிறது. அணியில் ஓர் உறுப்பே இருக்கும்போது நிரல் உம்மையைச் சேர்த்தால் ‘வள்ளியும் வந்தார்’ என்றாகும். அது எண்ணும்மையன்று, எச்சவும்மை. முன்னரே வேறொருவர் வந்ததாகப் படிப்போர் கொள்வர்.

‘மற்றும்’ வாய்பாட்டின் தீங்கு வேற்றுமையில் வெளிப்படுகிறது. நிரல் ஆக்கித் தரும் தொடரின் இறுதியில் உருபு ஒன்றை ஒட்டினால் அது கடைசிப் பெயரை மட்டுமே சாரும். ‘மாலா, கண்ணன் மற்றும் வள்ளிக்குப் பணம் அனுப்பினார்’ என்னும் அறிவிப்பில் மாலா பெறுநரா, அனுப்புநரா? எழுவாய்க்கு உருபில்லாத மொழியில் இவ்வையம் இயல்பானது. வங்கிக் கணக்கு தொடர்பான செய்தியில் இது பொறுக்கத்தக்கதன்று.

மரபிலேயே இதற்கு நல்ல வழியுண்டு. ‘மாலா, கண்ணன், வள்ளி ஆகியோருக்கு’ என்னுமிடத்து உறுப்புகள் மாறாமல் நிற்க, உருபு முழுவதையும் தொகுப்புச்சொல் ஏற்கிறது. புணர்ச்சியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. நிரல் அறிய வேண்டியது திணை ஒன்றே: உயர்திணைக்கு ஆகியோர், அஃறிணைக்கு ஆகியவை. அத்தரவும் இல்லையெனில் ‘ஆகிய மூன்று கோப்புகளை’ என இனப்பெயரை மொழிபெயர்ப்பாளரே தொடரில் அமைத்துவிடலாம். இனப்பெயர் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஒற்றை உறுப்புக்கு மட்டும் ‘வள்ளி என்பவருக்கு’, ‘என்னும் கோப்பை’ போன்ற தனித்தொடர் தேவை. உறுப்பே இல்லாதபோது பட்டியலை விடுத்து வேறு வாக்கியமே எழுதுதல் வேண்டும். இவற்றை நிரலாளரிடம் கேட்டுப் பெறுவது மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு. ‘மற்றும்’ எங்கும் வரலாகாது என்பதன்று. வேற்றுமை ஏற்காத தலைப்புகளிலும் பொத்தான்களிலும் அது கேடு செய்வதில்லை.

விகற்பப் பட்டியலுக்கு ‘அல்லது’ ஓரளவு பொருந்துகிறது. எதிர்மறையில் நிலைமை வேறு. ‘இம்மருந்தைப் பால் மற்றும் தேநீருடன் உட்கொள்ளலாகாது’ என்னும் தொடரை, இரண்டையும் ஒருசேர அருந்துவதே தவறு எனவும் கொள்ள இடமுண்டு. ‘பாலுடனோ தேநீருடனோ’ என ஓகாரம் இரட்டித்து நின்றால் அவ்விடம் இல்லை. ஓகாரமோ உம்மைபோலவே உறுப்புதோறும் ஒட்டுவது. எனவே எதிர்மறை எச்சரிக்கைகளை வாய்பாட்டிடம் விடாது முழுத்தொடராக மொழிபெயர்த்து வைத்தலே இப்போதைக்குத் தக்கது.