32-க்கும் 33-க்கும் நடுவே

பணி ஓய்வுக்குப் பின் பாறசாலையில் குடியிருக்கும் எனக்கு மீனும் காய்கறியும் களியக்காவிளைச் சந்தையில்தான். சைக்கிளில் போய்த் திரும்பும்போது இரண்டு முறை மாநில எல்லையைக் கடந்துவிடுகிறேன். ரயில்வேயில் இருந்தவனுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதையில் பாறசாலையும் குழித்துறையும் ஒரே திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தவை. தண்டவாளத்தைப் பார்த்து, கேரளம் எங்கே முடிகிறது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் வியாபாரிகளின் பில்லைப் பார்த்தால் சொல்லிவிடலாம். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. இந்த ஒரு எண் வித்தியாசம் எங்கள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுவந்த சங்கடத்தைத்தான் வாசக அன்பர்களுக்குச் சொல்ல வந்தேன். எல்லையோரம் வசிக்கும் நம் சங்க உறுப்பினர்கள் பலருக்கும் இது பயன்படக்கூடும்.

அடுத்த வீட்டுப் பெண் கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடங்கள் வரைந்து கொடுக்கிறாள். மேசை பாறசாலையில், கட்டடங்களோ பெரும்பாலும் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம். வேலை முழுவதும் போனிலும் இமெயிலிலும் நடந்துவிடும். நானும் டிப்ளமோ படித்தவன் என்ற உரிமையில் சில சமயம் அவள் போட்ட அளவுகளைச் சரிபார்ப்பதுண்டு. போன வருடம் எல்லைக்கு அப்பால் ஒரு கான்ட்ராக்டர், "தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் பணம் தர முடியாது" என்று 18,000 ரூபாயை நிறுத்தி வைத்துவிட்டார்.

"மாமா, நான் 33 எடுக்கணுமா?" என்று கேட்டாள்.

"நாற்பது லட்சம் வரை ஒன்றும் வேண்டாம், மக்களே" என்று சொல்லிவிட்டேன். எப்போதோ பேப்பரில் படித்த ஞாபகம். அந்தப் பதில் பாதி தவறு. அதை நம்பி அவள் தாயார் செய்த காரியம் முழுத் தவறாகப் போயிற்று.

தாயார் வீட்டிலேயே ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்து விற்பவர். "நாற்பது லட்சம் வரை கவலையில்லை என்று சார் சொன்னாரே" என்று களியக்காவிளைக் கடை ஒன்றுக்கு வாரம் இரண்டு மூட்டை அனுப்பத் தொடங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. விஷயம் தெரிந்த ஒரு வரி ஆலோசகரிடம் மூவருமாகப் போனோம்.

அவர் விளக்கியது இது. 40 லட்சம் என்ற வரம்பு பொருள் மட்டும் விற்பவர்களுக்கு, அதுவும் மாநிலத்துக்குள் விற்றால். சேவைக்கு வரம்பு 20 லட்சம். வேறு மாநிலத்துக்கு விற்கிறவர் முதல் ரூபாயிலேயே பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டத்தின் 24-ஆம் பிரிவு. சேவை செய்வோருக்கு மட்டும் 2017 அக்டோபர் 13-ஆம் தேதி அறிவிப்பின் மூலம் 20 லட்சம் வரை விலக்குத் தந்தார்கள். சில கைவினைப் பொருட்களுக்கும் சலுகை உண்டு. சிப்ஸ் அதில் சேராது.

ஆக, நாகர்கோவிலுக்கு இமெயிலில் போகும் வரைபடத்துக்குப் பதிவு வேண்டாம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் களியக்காவிளைக்குச் சாக்கில் போகும் சிப்சுக்கு வேண்டும்! பதிவு செய்யாமல் விற்றால் அபராதம் 10,000 ரூபாய் அல்லது கட்டாத வரி, இதில் எது கூடுதலோ அது. அந்த அம்மாள் முகம் வாடியதைப் பார்த்தபோது, என் வாயை நானே நொந்துகொண்டேன்.

மகள் பெயரிலேயே பதிவு எடுத்துவிடலாமே என்று நான் மறுபடியும் மூக்கை நுழைத்தேன். ஆலோசகர் தடுத்தார். பதிவு என்பது ஆளுக்கு, தொழிலுக்கு அல்ல. சிப்சுக்காக மகள் பதிவு செய்தால் மறுநாளிலிருந்து வரைபடத்துக்கும் 18 சதவீதம் வரி போட வேண்டும். சிப்ஸ் தொழில் உள்ளபடியே தாயாருடையது. முதலும் உழைப்பும் அவருடையவை. எனவே அவருடைய பான் எண்ணிலேயே விண்ணப்பித்தோம். கட்டணம் ஒன்றும் கிடையாது. முன்பு அனுப்பிய மூட்டைகளுக்கான வரியைக் கைப்பணத்திலிருந்து கட்டினார். வெளிமாநிலத்துக்கு விற்பதால், சிறு வியாபாரிகளுக்கான இணக்கவரித் திட்டத்தில் அவர் சேர முடியாது. வியாபாரம் இல்லாத காலத்துக்கும் 'இல்லை' என்று கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

மகளுக்கு 33 எதற்கும் தேவையில்லை. நாளை 20 லட்சம் தாண்டினாலும் மேசை இருக்கும் கேரளத்தில் பதிவு செய்தால் போதும். மார்த்தாண்டத்தில் அலுவலகம் திறந்தால்தான் அங்கே தனிப் பதிவு. பதிவு செய்தபின் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டட வரைபடம் போன்ற சேவைக்குக் கட்டடம் நிற்கும் இடமே கணக்கு, வாடிக்கையாளரின் ஊர் அல்ல. நெய்யாற்றின்கரைக்காரர் மார்த்தாண்டத்தில் வீடு கட்டினால் ஐ.ஜி.எஸ்.டி. போடவேண்டும். அவரே அமரவிளையில் கட்டினால் பாதி மத்திய வரி, பாதி கேரள வரி. மாற்றிக் கட்டிவிட்டால் சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, முன்னதைத் திரும்பக் கேட்க வேண்டும். வட்டி இல்லை என்பது ஓர் ஆறுதல்.

அமரவிளை என்றதும் பழைய வணிகவரிச் சோதனைச் சாவடி நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் இந்தச் சாலையில் சரக்கு கொண்டுபோன லாரிக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமா? விற்பனை வரி, 'சி' பாரம், விடியவிடிய வரிசை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்தச் சாவடிகளின் காலம் முடிந்தது. லாரி நிற்பதில்லை, ஆனால் எல்லை பில் புத்தகத்துக்குள் குடியேறிவிட்டது. ஒன்று சொல்லவேண்டும், வருமான வரி நம் நாட்டில் மத்திய அரசுடையது. அமெரிக்காவிலோ பல மாநிலங்கள் தனித்தனியாக வருமான வரி வாங்குகின்றன. நியூஜெர்சியில் வீட்டிலிருந்தபடி நியூயார்க் கம்பெனிக்கு வேலை பார்த்தாலும் நியூயார்க் வரி கேட்பதுண்டு. அந்தத் தலைவலி நமக்கில்லை.

கான்ட்ராக்டருக்கு அந்த அக்டோபர் 13 அறிவிப்பின் நகலை அனுப்பினாள். மூன்றாம் வாரம் பணம் வந்தது.

தாயார் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு வறுக்கும் கொட்டகையில் மாட்டியிருக்கிறார். பில் புத்தகத்தின் உள்ளட்டையில் களியக்காவிளைக் கடைக்கு நேரே, பெரிய எழுத்தில் 33 என்று எழுதி வைத்திருக்கிறார். நான் போனால் சிப்ஸ் தருகிறார். வரி பற்றி மட்டும் என்னிடம் கேட்பதில்லை.