மலைமக்களின் வாய்மொழியை எழுதுவித்த பாப்பரசர்

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் உழைத்து மறைந்த முன்னோரைப் பற்றி ஏடுகள் கூறுவது மிகச் சிறிது. செக்றோலில் பெயரும் வேலைநாளும் உண்டு. அவர்தம் வாய்மொழி இல்லை. ஆயின், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் பிரனீஸ் மலைச்சாரலில் வாழ்ந்த ஆட்டிடையரின் பேச்சு இன்றும் ஏட்டில் நிலைத்துள்ளது. அதனை எழுதுவித்தவர், பின்னாளில் பன்னிரண்டாம் பெனடிக்ற் எனப் பெயர் பூண்ட பாப்பரசர்.

இவரது இயற்பெயர் ஜாக் பூர்னியே. அதே மலையடிவாரத்தில் எளிய குடியில் பிறந்து துறவியானார். 1317ஆம் ஆண்டில் பாமியே நகரின் மேற்றிராணியாரானார். அப்பகுதியில் திருச்சபைக்கு மாறான கொள்கைகள் பரவியிருந்தமையால், 1318 முதல் 1325 வரை ஊராரை அழைத்து விசாரித்தார். உண்ட உணவு, மேய்த்த மந்தை, கொண்ட காதல், இறந்தோரைப் பற்றிய நம்பிக்கை ஆகிய யாவும் கேட்கப்பட்டன. தாய்மொழியில் அவர்கள் சொன்னவை இலத்தீனில் எழுதப்பட்டன.

இவ்வேட்டின் விலை பெரிது. ஐவர் தீயிலிடப்பட்டனர், பலர் சிறைப்பட்டனர். பியேர் மோரி என்னும் இடையரும் சிறை சென்றார். அச்சத்தின் முன் சொல்லப்பட்ட சொற்கள் அவை என்பதை மறத்தலாகாது.

1334ஆம் ஆண்டு டிசம்பரில் பூர்னியே பாப்பரசராகத் தெரிவு செய்யப்பட்டார். அக்காலத்தில் பாப்பரசரின் இருக்கை உரோமையன்று, அவிஞோன் நகராகும். பதவி தேடி அங்கே காத்துக்கிடந்த குருக்களைத் தத்தம் பங்குகளுக்குத் திரும்புமாறு பணித்தார். துறவு மடங்களைச் சீர்திருத்தினார். நல்லோரின் ஆன்மா, இறுதித் தீர்ப்பு நாள்வரை காத்திராமல் இறைவனைக் காணும் என்று 1336இல் வரையறுத்தார். அவர் தொடங்கிய அரண்மனை இன்றும் அவிஞோனில் நிற்கிறது.

அவரது ஆட்சியின் ஒரு செயல் இலங்கையையும் தொட்டது. சீனப் பேரரசரின் தூதுக்கு மறுமொழியாக 1338இல் அவர் அனுப்பிய மரிஞோல்லி என்னும் துறவி, திரும்பும் வழியில் கொல்லத்தையும் மயிலாப்பூரையும் கண்டு, பின் இலங்கையில் தங்க நேர்ந்தது. சிவனொளிபாத மலையைப் பற்றியும் அவர் எழுதி வைத்தார். 1353இல் அவர் அவிஞோனை அடைந்தபோது, அனுப்பிய பாப்பரசர் மறைந்து பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.

பாமியே ஏடோ வத்திக்கான் நூலகத்தில் தப்பிப் பிழைத்தது. அதனைக் கொண்டே 1975இல் லெ ரோய் லதூரி என்னும் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மொந்தாயு என்ற சிற்றூரின் வாழ்வை நூலாக்கினார். தண்டிக்க எழுதிய ஏடு, தண்டிக்கப்பட்டோரின் நினைவுச் சின்னமாயிற்று.

ஊவா மலைகளில் முதியோர் இன்னும் உள்ளனர். கப்பலையும் கால்நடைப் பயணத்தையும் பற்றித் தம் பாட்டியர் சொன்னதை அவர்கள் அறிவர். அவர்களிடம் கேட்பதற்கு நீதிமன்றம் வேண்டியதில்லை. திண்ணையும் ஒரு கொப்பியும் போதும். அச்சம் எழுதி வைத்ததை அன்பு எழுதாது விடலாமா?