பிடி போடத் தெரிந்தால் காத்திருக்கத் தேவையில்லை

வீட்டுத்தோட்டம் செய்யும் பெண்ணுக்கு மண்வெட்டி வலதுகை. ஆனால் அதன் பிடி கழன்றால், மாட்டித்தர ஓர் ஆண் வரும்வரை காத்திருக்கும் வழக்கம் எம்மிடையே இன்னும் இருக்கிறது. கணவனை இழந்த, கணவன் காணாமலாக்கப்பட்ட குடும்பங்களில் இந்தக் காத்திருப்பு ஒரு நாள் உழைப்பையே விழுங்கிவிடுகிறது. ஆடும் பிடியோடு வேலை செய்வதோ இன்னும் மோசம். இரும்பு கழன்று பறந்தால் காலையோ பக்கத்தில் நிற்கும் பிள்ளையையோ பதம் பார்த்துவிடும்.

நான் கொஸ்லந்தையில் பணிபுரிகிறேன். 1958, 1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களால் மலையகத்தை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பல. 2009இல் முடிந்த போர் அவர்களை மறுபடியும் வெறுங்கையராக்கியது. அப்படி வன்னியில் யாவையும் இழந்து, உறவினரை நம்பி இங்கு திரும்பிய ஓர் அக்கா, இன்று எங்கள் மகளிர் குழுவில் பிடி போடப் பழக்குகிறார். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்த மண்சரிவில் வீடிழந்த சகோதரிகளும் அவரிடம் பழகியிருக்கிறார்கள். மம்பட்டி, கோடரி, கவ்வாத்துக் கத்தி எதுவானாலும் அவருக்கு முதல் கேள்வி மரம் காய்ந்ததா என்பதுதான்.

பச்சை மரம் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும். இன்று இறுக்கமாக ஏறிய பிடி சில வாரங்களில் ஆடுவது இதனால்தான். கொய்யா போன்ற வைரமான கம்பை, முடிச்சில்லாமல், நார் நேராக ஓடுவதாகத் தெரிந்து நிழலில் உலர்த்துங்கள். தேயிலைக்கு நிழல் தரும் அல்பீசியா போன்ற மென்மரம் பிடிக்கு உதவாது.

இனிப் பொருத்துவோம். பிடியின் நுனியை மண்வெட்டிக் காதைவிடச் சற்றே பருமனாகச் செதுக்குங்கள். காதின் உட்புறத்தில் அடுப்புக்கரியைப் பூசி, பிடியை உள்ளே நுழைத்து எடுங்கள். கரி ஒட்டிய இடம்தான் முட்டும் இடம். அங்கே மட்டும் கொஞ்சம் சீவி, மறுபடி நுழைத்துப் பாருங்கள். சுற்றிவரச் சீராகக் கரி படும்வரை இப்படியே செய்ய வேண்டும். பின்னர் இரும்பு கீழே தொங்கும்படி பிடியைத் தூக்கிப் பிடித்து, மேல்நுனியில் மரச்சுத்தியலால் தட்டுங்கள். பாரமான இரும்பு அசையாமல் நிற்க, பிடி தானாகவே உள்ளே இறங்கும். கடைசியாக, நன்கு காய்ந்த மர ஆப்பை அடித்து இறுக்குங்கள்.

ஆடும் பிடியைத் தண்ணீரில் ஊறவைப்பது பலரும் செய்யும் வேலை. ஊறிய மரம் உப்பி இறுகும், உண்மைதான். ஆனால் இரும்போடு நெருக்குண்டு நசுங்கிய நார், காய்ந்தபின் முன்னிலும் மெலிந்துவிடும். ஆகவே அது அன்றைய வேலையை முடிக்க மட்டுமே உதவும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விதியல்ல. பிரான்சின் சென் குளோத் நகரம் சுங்கான் செய்வதில் பெயர்பெற்றது. அங்கும் மரக் கிண்ணத்தோடு ஊதுகுழலைப் பொருத்த, காய்ந்த மரமும் மயிரிழை அளவான சீவலுமே வேண்டும். சுங்கான் சூடாயிருக்கையில் குழலைத் திருகிக் கழற்றினால் மரத்தண்டு வெடித்துவிடும். மம்பட்டியானாலும் சுங்கானானாலும் ஓட்டையும் முளையும் ஒன்றுக்கொன்று இசையும்வரை பொறுமை வேண்டும்.

போருக்குப் பின் எமது பெண்கள் பலருக்கு மண்வெட்டியும் கத்தியும் உதவியாகக் கிடைத்தன. அவற்றின் பிடி உடைந்தால் மாற்றிப்போடும் அறிவு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அந்த அக்கா இப்போது அயல் வீடுகளுக்கும் பிடி போட்டுக் கொடுத்துச் சிறு வருமானம் பெறுகிறார். முதலில் சிரித்த ஆண்களும் இப்போது தங்கள் கத்திகளைக் கொண்டுவருகிறார்கள்.

சகோதரிகளே, இந்த மாதமே ஒரு கொய்யாக் கம்பை வெட்டி நிழலில் போட்டு வையுங்கள். அடுத்த முறை பிடி முறியும்போது அது காய்ந்து ஆயத்தமாக இருக்கும்.